ஒரு சிறங்கை பிண்ணாக்கு

2025 ஜூன் 23
பண்ணை

ஜெனாட்,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. என்னைக் கள்ளன் என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைக்கிற அளவுக்கு உன் கைக்குப் பலம் இருக்கிறதென்றால் நீ நலமாகத்தான் இருப்பாய்.

வெள்ளிக்கிழமை பச்சை இலைச் சங்கத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. எங்கள் செம்மறிப் பாலுக்கு அவர்கள் கொடுத்த மேய்ச்சல் முத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். காரணம் இணைப்பில் என்று இருந்தது. இணைப்பைப் புரட்டினேன். மூன்று பக்கம் முழுக்க இலக்கங்கள். கடைசியில் பெயர்: ஜெனாட் அன்ஸார், சிரேஷ்ட பகுப்பாய்வாளர். உன் அண்ணி கிளடிஸ் என் கையிலிருந்து பறித்துப் பார்த்துவிட்டு, "உங்கட தங்கச்சியே?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்வதற்குப் பதிலாகக் கடிதத்தைத் திருப்பி வாங்கி மடித்தேன்.

இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். முதலாவது, இந்தப் பால் முக்கியமாகப் புல் மேய்ந்த ஆட்டின் பால் இல்லை என்பது. இரண்டாவது, குறிப்பு என்று போட்டு, பாலில் தாவர எண்ணெய் கலக்கப்பட்டிருக்கலாம் என்பது. கலக்கப்பட்டிருக்கலாம்! ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடம் பிளாஸ்டிக் வாளி வார்த்து, அந்தப் புகையைக் குடித்து, கடைசியில் ஆறு வருடத்துக்கு முன்னர் இந்த நிலத்தை வாங்கினேன். அப்படி வாங்கியவன் தன் பாலில் தானே எண்ணெய் ஊற்றுவானா? ஏன் ஊற்ற வேண்டும்? எனக்கென்ன விசரா?

நூற்று நாற்பது மறிகள் வெளியே முழங்கால் உயரப் புல்லில் நிற்கின்றன. அவை புல் தின்னவில்லை என்று நீ மில்லிக்கன் லாப்பில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு சொல்கிறாய்.

ஓகஸ்ட் முதலாம் திகதிக்குள் சங்கம் முடிவு சொல்லும். முத்திரை போனால் சீஸ் கொம்பனி எங்கள் பாலை இந்த விலைக்கு எடுக்காது. எடுக்காவிட்டால் மந்தையை வைத்திருக்க முடியாது, லொறியில் ஏற்றி ஏலத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய் என்று நினைக்கிறேன். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்பதற்கு இரண்டு வருடம் காத்திருந்து நல்ல மொய் வைத்திருக்கிறாய்.

அந்த அறிக்கையைத் திருப்பி எடு.

போன் எடுத்தால் கத்துவேன். உன் நம்பரையும் உன் கல்யாணத்தன்றே அழித்துவிட்டேன். உன் அழைப்பிதழோடு வந்த பதில் உறை லாச்சிக்குள் கிடந்தது. உன் விலாசம் உன் கையாலேயே எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று அதிலேயே போடுகிறேன்.

கஸ்பர்

*

2025 ஜூன் 28
வோபர்ன்

திரு. கஸ்பர் அவர்களுக்கு,

அப்படியே கடைசிவரை எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. அண்ணை, உங்களுக்கு வெட்கம் இல்லையா?

தபால்பெட்டியைத் திறந்தபோது என் கையெழுத்தில் எனக்கே ஓர் உறை. எந்த உறை என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அண்ணை கல்யாண அழைப்புக்குப் பதில் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். மேலே வீட்டுக்குப் போகக்கூடப் பொறுமை இல்லாமல் மாடிப்படியில் இருந்து பிரித்தேன். அதற்குள் இருந்தது பதில் அட்டை இல்லை. நான் கள்ளக் கையெழுத்து வைக்கிறவள் என்ற செய்தி.

இப்போது கேளுங்கள். எங்கள் லாப்புக்குப் பால் போத்தல்கள் இலக்கத்தோடுதான் வரும். பண்ணைப் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. அது 0417. அது உங்கள் பால் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நம்பாவிட்டால் போங்கள்.

புல் தின்ற ஆட்டின் பாலில் அது தின்ற புல்லின் அடையாளம் இருக்கும். புல்லில் ஒமேகா மூன்று என்ற கொழுப்பு நிறைய உண்டு, அது பாலுக்கு வரும். லூட்டீன் என்ற நிறமி வரும். வயிற்றுக்குள் புல் புளித்து உண்டாகும் வேறு சில கொழுப்புகளும் வரும். தானியமோ வேறு எதுவோ கூடத் தின்றால் இவை குறைந்துபோகும். 0417இல் லூட்டீன் ஓரளவு இருந்தது. புல்லின் கொழுப்புகள் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. அதற்குப் பதிலாக லோரிக் என்ற கொழுப்பு ஏறிக் கிடந்தது. செம்மறிப் பாலில் நான் இதுவரை பார்க்காத அளவு. அது தேங்காயில் நிறைந்திருக்கும் கொழுப்பு. மெஷினில் பிழையோ என்று மூன்று தரம் ஓட்டினேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னது. பாதி புல் என்கிறது, பாதி தேங்காய் என்கிறது. ஆடு தேங்காய் தின்னுமா? அதனால்தான் எண்ணெய் கலந்திருக்கலாம் என்று எழுதினேன்.

அறிக்கையைத் திருப்பி எடுக்க மாட்டேன். எடுக்கவும் முடியாது. உங்கள் கடிதம் வந்த அடுத்த நாள் காலையில் என் மனேஜர் மெலனியிடம் போய், இது என் அண்ணனின் பண்ணை என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் அது களவு. அந்தக் கோப்பு இப்போது என்னிடம் இல்லை. சங்கத்திடம் இரண்டாம் மாதிரி கேளுங்கள். அதை வேறு லாப்தான் பார்க்கும்.

அன்ஸார், புருஷன் என்ற உரிமையில், கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டவில்லை. அவர் உங்களைப் பற்றி இதுவரை ஒரு கூடாத சொல் சொன்னதில்லை. அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த ஆடுகள் என்ன தின்கின்றன, அண்ணை? எனக்குச் சொல்லாவிட்டாலும் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

ஜெனாட்

*

2025 ஜூலை 4
பண்ணை

ஜெனாட்,

பால் பேசுகிறதாம். இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் உன்னிடம் அனுப்பமுதல் வாயை மூடச் சொல்லியிருப்பேன்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நீ படித்தவள். ஆனால் நானும் போனில் தேடி வாசித்தேன். புல் தின்றால் மாட்டுப் பால் மஞ்சளாக வரும், செம்மறி என்ன தின்றாலும் பால் வெள்ளைதான் என்று இருக்கிறது. நீங்கள் மாட்டுக்கு வைத்த அளவை என் ஆட்டுக்கும் வைத்திருப்பீர்கள். அந்தச் சீமைப் படிப்பில் மாடுதானே படம் போட்டிருக்கும்.

ஆடுகள் என்ன தின்கின்றன என்று கேட்டாய். எழுதுகிறேன், வாசித்துக்கொள். விடிய ஐந்து மணிக்குக் கறப்பு. முடிந்ததும் கதவைத் திறந்தால் கிழக்குத் துண்டுக்கு ஓடும். அங்கே குளோவரும் ரைப் புல்லும். மூன்று நாளுக்கு ஒருக்கால் கம்பியை நகர்த்தி அடுத்த துண்டு. பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி வந்து கறப்பு மேடையில் ஏறும். ஏறினால் ஒரு சிறங்கை பிண்ணாக்கு முன்னால் போடுவோம், வாயில் ஏதும் இல்லாமல் எந்த உயிர் பேசாமல் நின்று கறக்க விடும்? பிறகு மறுபடியும் புல். புளித்த சைலேஜ் தீனி இல்லை. சோளம் இல்லை. சோயா இல்லை. தானியம் ஏற்றிய லொறி ஒன்று இந்த ஒழுங்கைக்குள் வந்ததென்று யாராவது சொல்லட்டும், அன்றைக்கே நானே முத்திரையைக் கழற்றிக் கொடுக்கிறேன். சங்கத்துப் படிவத்தில் "மேய்ச்சல் தவிர வேறு தீனி" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அது சத்தியம். கோயிலில் வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

நீ எழுதின குறிப்பு இப்போது எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? சீஸ் கொம்பனிக்காரி கிளடிஸோடு முன்னர் போல் கதைப்பதில்லை. எங்கள் தயிரை வைத்து விற்கிற ஸ்காபறோக் கடைக்காரர், "பிரச்சினை ஏதும் இருக்கோ அண்ணை" என்று கேட்கிறார். எங்கள் ஆட்கள் வாழ்க்கையில் முதல் தரம் செம்மறித் தயிர் தின்னப் பழகினார்கள், இப்போது அதற்குள் எண்ணெய் தேடுவார்கள்.

உன் மனிசன் என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையாம். வீடு வீடாகப் போய், சூடாக்குகிற ஃபேர்னஸ் திருத்தித் திரிகிறவனுக்கு என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சேர்ச்சுக்கு வராமல், எங்கள் வழக்கம் ஒன்றும் மதிக்காமல், இருந்த ஒரு தங்கச்சியையும் வந்து கொண்டுபோனவன். அந்த ஆளுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும் இது. நன்றாகச் சிரிக்கச் சொல்லு.

இரண்டாம் மாதிரி கேட்டிருக்கிறேன். வரட்டும். அப்போது தெரியும் யாருடைய மெஷின் பிழை என்று.

கஸ்பர்

*

2025 ஜூலை 9
வோபர்ன்

அண்ணை,

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்களே எழுதிவிட்டு நீங்களே தாண்டிப் போயிருக்கிறீர்கள். "ஒரு சிறங்கை பிண்ணாக்கு."

பிண்ணாக்கு என்ன, அண்ணை? காற்றா?

என்ன பிண்ணாக்கு என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை. தேங்காய்ப் பிண்ணாக்கு. செக்கில் ஆட்டின பிறகும் அதில் எண்ணெய் மிச்சம் இருக்கும், ஆடு தின்றால் அது நேரே பாலுக்கு வரும். 0417இல் நான் பார்த்தது அதுதான். மெஷினிலும் பிழை இல்லை. மாட்டு அளவும் வைக்கவில்லை. செம்மறிப் பால் மஞ்சளாகாது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் லூட்டீன் பார்த்தோம். பதினொரு வருடமாக இதைச் செய்கிறவளுக்கு நீங்கள் போனில் பார்த்துப் பாடம் எடுக்க வேண்டாம்.

சமையலறையில் நின்று அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டேன். அன்ஸார் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். "உங்கட அண்ணன் பொய் சொல்லல்ல. அவருக்கு அது தீனிண்டே தெரியா" என்றார். இதைச் சொன்னவர் நீங்கள் அதே பக்கத்தில், கீழே உள்ள பந்தியில் ஃபேர்னஸ்காரன் என்று எழுதின அதே ஆள். அந்தப் பந்தியை அவருக்கு நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். ஊரில் நாங்கள் பிறந்த வீட்டில் ஆடு கறக்கிற நேரம் சட்டியில் பிண்ணாக்கு வைக்காமல் யாராவது கறந்தார்களா? வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது போல. ஆட்டுக்கு என்ன தீனி என்று யாரும் கேட்டால் இலை குழை என்றுதான் சொல்வோம், பிண்ணாக்கு என்று சொல்ல மாட்டோம். நீங்கள் இங்கே வந்து, நிலம் வாங்கி, கறப்பு மெஷின் பூட்டி, இங்கிலிஷ் படிவம் நிரப்பி, அப்போதும் அதே கணக்கில்தான் "இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கப் போவதில்லை என்றாலும். அதே வீட்டில் வளர்ந்த எனக்கு, பாலில் தேங்காயைப் பார்த்ததும் பிண்ணாக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கலப்படம் என்றுதான் வந்தது. கேட்காத ஒரு குறிப்பை எழுதி, முகம் தெரியாத ஒருவரைக் கள்ளன் ஆக்கினேன். அது நீங்களாக இல்லாவிட்டாலும் பிழைதான். அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். முதல் முடிவை நீக்க மாட்டேன். அது சரி.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிண்ணாக்கை நிறுத்துங்கள். நிறுத்தமுதல் அந்தச் சிறங்கையைத் தராசில் வைத்துப் பாருங்கள். பிறகு சங்கத்துக்கு உள்ளதை எழுதுங்கள்.

ஜெனாட்

*

2025 ஜூலை 21
பண்ணை

ஜெனாட்,

நிறுத்தினேன். தராசிலும் வைத்தேன்.

தொடங்கின வருடம் சிறங்கைதான். கையால் அள்ளித்தான் போட்டேன். பிறகு கைக்குப் பதிலாகப் பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்று வந்தது. பேணி வந்த பிறகு பால் கொஞ்சம் கூடியது, கூடினதும் பேணியைக் குவித்து அள்ளினேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நிறுத்துப் பார்த்தால் ஓர் ஆட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோ. கிளடிஸ் தராசைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள்தான் ஒவ்வொரு வியாழனும் தயிர் இறக்கிவிட்டு மில்லிக்கன் பிளாசாவில் செக்கு எண்ணெய் ஆட்டுகிற கடையில் இருந்து மூட்டைகளை எங்கள் வேனில் ஏற்றி வருகிறவள். நாலு வருடமாக நாங்கள் இருவரும் அந்த மூட்டைகளைத் தூக்கியிருக்கிறோம், ஒருவருக்கும் அது தீனி என்று படவில்லை.

சந்தோஷமா உனக்கு? நீ சொன்னது சரி. சின்ன வயதில் இருந்தே நீ சொன்னதுதான் சரி.

பதினோராம் திகதி நிறுத்தினேன். மேடையில் ஏறி வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு என்னை உதைக்கின்றன. பால் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. வியாழக்கிழமை இரண்டாம் மாதிரி எடுக்க வருகிறார்கள். இப்போது தின்பது புல் மட்டும்தான். பால் சுத்தமாக வரும்.

இனி நான் சொல்லப் போவதைக் கோபிக்காமல் வாசி. சங்கத்து இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார், இரண்டாம் மாதிரி சரியாக வந்தால் முதலாவதை லாப்பின் பிழை என்று எடுத்துவிட்டு முத்திரையைத் திருப்பித் தருவார்களாம். பரிசோதித்தவள் என் தங்கச்சி என்பதும், எங்களுக்குள் கதை பேச்சு இல்லை என்பதும் அவர்களுக்கு உங்கள் லாப்பே அறிவித்திருக்கிறது. அது எனக்குச் சாதகம் என்கிறார்.

பிண்ணாக்குக் கதையை நானாகச் சொன்னால் படிவத்தில் பொய் எழுதினேன் என்று ஆகும். வருகிற வருடம் வரை முத்திரை இல்லை. சொல்லாவிட்டால் எல்லாம் பழையபடி. இனிமேல் பிண்ணாக்கும் போடப் போவதில்லை, ஆகவே யாரையும் ஏமாற்றவும் இல்லை.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இரு. அவ்வளவுதான் கேட்கிறேன். உன் வேலை மாதச் சம்பளம், ஒரு பிழை என்றால் ஒரு கண்டிப்போடு போய்விடும். என்னுடையது அப்படியில்லை.

கஸ்பர்

*

2025 ஜூலை 25
வோபர்ன்

அண்ணை,

பேசாமல் இருக்கச் சொல்லி எழுத உங்களுக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு கண்டிப்போடு போய்விடுமாம். இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அந்தக் கலப்படக் குறிப்பை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன் இல்லையா, உங்களுக்காகச் செய்ததாக மெலனி நினைக்கிறா. முதலில் பகைக்குத் தண்டித்தாய், பிறகு பாசத்துக்குத் திருத்துகிறாய், நான் உன்னுடைய எந்த இலக்கத்தை நம்புவது என்று கேட்டா. அவ கேட்டது நியாயம். மெஷினுக்குக் கிட்டப் போகாமல் கோப்பு அடுக்குகிற வேலை தந்திருக்கிறார்கள். உங்கள் இரண்டாம் மாதிரி சுத்தமாக வந்து, முதலாவது பிழை என்று சங்கம் எழுதினால், பதினொரு வருடத்தில் நான் கையெழுத்து வைத்த அத்தனையையும் கிளறுவார்கள். பிறகு ஒரு லாப்பும் என்னை எடுக்காது. உங்களுக்கு நூற்று நாற்பது மறி இருக்கிறது. எனக்கு இருப்பது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

உங்களுக்கு இது புரியவே இல்லை என்பதுதான் எனக்கு எரிகிறது. உங்களை யாரோ கள்ளன் என்று எழுதினால் வானம் இடிந்து விழ வேண்டும். என்னைப் பொய்க்காரி என்று எழுதினால் நான் பேசாமல் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கும் அப்படித்தான். உங்கள் மானம் போகிறது என்று நீங்கள் வரவில்லை. மண்டபத்தில் முன் மேசையில் உங்கள் இரண்டு பேருடைய பெயரும் எழுதின கதிரைகள் இரண்டு வெறுமனே கிடந்தன. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் மானம் எங்கே போனது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? அன்றைக்கு மேசைகளைக் கவனித்த நிசாந்தன் அவற்றை எடுத்து ஓரமாக வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அண்ணை பிந்தித்தான் வருவார் என்றேன். சாப்பாடு முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிண்ணாக்கு என்று நீங்கள் எழுதின அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. மெலனியின் மேசையில் அதை வைத்திருந்தால் அன்று பின்னேரமே என் மெஷினுக்குத் திரும்பிப் போயிருப்பேன். இரண்டு தரம் பைக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். இரண்டு தரமும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

அண்ணன் தங்கச்சிக்கு எழுதின கடுதாசியைக் கொண்டுபோய்க் கொடுத்து என் வேலையைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. அது உங்கள் மேல் இரக்கம் என்று நினைக்காதீர்கள். இரக்கம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். படம் எடுக்கவில்லை, பிரதி எடுக்கவில்லை. இனி அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

எரிக்க விருப்பம் என்றால் எரியுங்கள். நான் பேசாமல்தான் இருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

ஜெனாட்

*

2025 ஓகஸ்ட் 2
பண்ணை

ஜெனாட்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அந்தப் பக்கத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். புதன் முழுக்க அங்கேதான் கிடந்தது. கிளடிஸ் அதைத் தொடாமல், அதைச் சுற்றி நின்று சமைத்தாள். பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அந்தக் கதிரையில ஒண்டு என்ர. அண்டைக்கு நான் சேலை கட்டிப்போட்டு இருந்தனான்" என்றாள். அது எனக்கு இதுவரை தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன், ஆனால் அன்றைக்குச் சேலையைக் கண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் முடிவோடு வந்தார். பால் சுத்தம். முதலாவது லாப்பின் பிழை என்று கடிதம் தயாராக வைத்திருந்தார், நான் ஓர் இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டியதுதான். பேனையையும் தந்தார். பேனையை வாங்கினேன். வாங்கிவிட்டு அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன்.

அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. நானே வாசித்து இங்கிலிஷில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிண்ணாக்கு வரியைச் சொன்னேன், எவ்வளவு என்று கேட்டார், முதலில் கையைக் காட்டினேன், பிறகு எழுந்து போய்ப் பேணியைக் கொண்டுவந்து வைத்தேன். அதோடு முடிந்தது என்று பக்கத்தை மடித்தேன். அவர் விரலைக் கீழே வைத்து, இது என்ன என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். சாட்சியாகக் கொடுத்தால் முழுப் பக்கத்தையும் கொடுக்க வேண்டும் என்றார்.

வாசித்தேன், ஜெனாட். உன் மனிசனைப் பற்றி எழுதியிருந்ததை ஒரு வெள்ளைக்காரனுக்கு, கிளடிஸ் நிற்கும்போது, சொல்லுக்குச் சொல் இங்கிலிஷில் சொன்னேன். தமிழில் எழுதும்போது கை நிற்கவில்லை. இங்கிலிஷில் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிய அவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த ஆள் அவ்வளவு மோசமானவரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, நான் அவரைச் சந்தித்ததே இல்லை என்றேன். அது உண்மை. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

முத்திரை போய்விட்டது. வருகிற மே மாதம் திரும்பக் கேட்கலாம், பொய்யை வேண்டுமென்றே சொல்லவில்லை என்று எழுதுவதாகச் சொன்னார். சீஸ் கொம்பனி சாதாரணப் பாலாக, அதுவும் பாதியைத்தான் எடுக்குமாம். அறுபது மறிகளை இந்த மாதம் ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். எவை என்று நேற்றுக் கிளடிஸும் நானும் நடந்து அடையாளம் போட்டோம். அதைப் பற்றி எழுத ஏலாது. உன் அறிக்கை சரியென்று சங்கம் உங்கள் லாப்புக்கு எழுதிவிட்டது. பிரதி இதோடு இருக்கிறது. மெலனியின் மேசையில் இதை வை.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. எண்ணெய் கலந்தேன் என்று எழுதினாயே, நீ திருத்தினாலும் அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. முப்பத்தெட்டு வருடம் என்னை அறிந்த நீ அது நான் என்று தெரியாமல் எழுதினாய். தெரியாமல் எழுதினாலும் நோகிறது. நான் எழுதினது தெரிந்து எழுதினது. அது எப்படி நொந்திருக்கும் என்று வியாழக்கிழமைதான் பார்த்தேன்.

லாச்சிக்குள் உறை மட்டும் இருக்கவில்லை. அதற்குள் இருந்த பதில் அட்டையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் உனக்கு முதல் கடிதத்தை அதில் போட்டேன். இப்போது அதை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். வருவோர் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு. சாப்பாடு என்ற இடத்தில் கிளடிஸுக்கு மீன், எனக்கு அன்ஸார் எதைச் சாப்பிடுகிறாரோ அது. பதில் அனுப்பக் கடைசித் திகதி 2023 ஓகஸ்ட் 15 என்று அச்சடித்திருக்கிறது. பிந்திவிட்டது என்று நீ இதைத் திருப்பி அனுப்பலாம். கோபிக்க மாட்டேன் என்று எழுதத்தான் கை போனது. இந்த வருடம் பொய் எழுதினது போதும். கோபிப்பேன்.

அண்ணை